ஒரே கணக்கில் ஐந்து போன்கள்

பெரியவருக்கு அந்த வாரம் முழுக்க முதுகு விண் விண்ணென்று தெறித்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதுகுவலி புதிதல்ல. லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் குனிவதும், மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமுக்கு இரும்பு ஏணியில் ஏறுவதுமாகவே அவர் வாழ்க்கை ஓடிவிட்டது. ஆனால் இந்த வலி எதையும் தூக்கியதால் வந்ததல்ல. மேலாளர் அறையில் நின்றதால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை யாரும் நிற்க வைத்துப் பேசியதில்லை. அன்று பேசினார்கள்.

ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு வயோதிகரும் அவரைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸும் இருந்தார்கள். அவசர அழைப்பு பெரியவரின் போனுக்குத்தான் வந்தது. மணி அடித்தது, திரையில் கட்டடத்தின் பெயரும் தெரிந்தது. விரலால் இழுத்தார். திரை அசையவில்லை. மறுபடி இழுத்தார். சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு இழுத்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. திருப்பிக் கூப்பிடலாம் என்றால் எண் பலகை திறப்பதற்குள் கொட்டாவியே வந்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த வயோதிகர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நர்ஸ் பெரியவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது ஒரு வாரமாக அவர் கூடவே வந்துகொண்டிருந்தது.

மேலாளர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். "போனைச் சரி பண்ணுங்க சார், இல்ல புதுசு வாங்குங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை அவசர டியூட்டியிலேருந்து எடுக்க வேண்டியிருக்கும். ஸ்டோர்ல உட்காரலாம். அங்க ஃபேன் இருக்கு."

டியூட்டியிலிருந்து எடுப்பேன் என்றது கூடப் பெரிதாகப் படவில்லை. ஃபேன் இருக்கு என்றதுதான் சுருக்கென்று தைத்தது.

அன்று மாலையே போன் ரிப்பேர் கடைக்குப் போனார். கடை என்றால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஓர் இளம் பெண், நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போனைக் கொடுங்க சார்."

"எங்க தொடணும்னு சொல்லும்மா. நானே தொடறேன்."

"நான் ஒண்ணும் முழுங்கிட மாட்டேன் சார்."

"குடும்பத்து விஷயமெல்லாம் இதுல இருக்கு."

"வர்ற போன் எல்லாத்துலயும் அதுதான் இருக்கு. சரி, செட்டிங்ஸ் போங்க. கீழ இறக்குங்க. இன்னும் கீழ. ஸ்டோரேஜ்னு இருக்கா? அதைத் தொடுங்க."

தொட்டார். ஒரு பட்டை தெரிந்தது. பட்டை முழுக்க நிறம், ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

அவள் எட்டிப் பார்த்து விசிலடித்தாள். "எல்லாம் போட்டோ. நீங்க என்ன போட்டோகிராஃபரா?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"இந்தப் பாப்பா?"

"தம்பி மக."

"இந்த மூக்குக்கண்ணாடி ஃப்ரேமெல்லாம்?"

"தம்பி கண்ணாடிக் கடையில வேலை பாக்கறான்."

"இந்த வெளிநாட்டுப் பனி?"

"அது என் பொண்ணு. கட்டிக் கொடுத்த எடம்."

"சார், இது போன் இல்ல, பஸ் ஸ்டாண்ட். மத்தவங்க போட்டோ எல்லாம் உங்க போன்ல ஏன் வருது?"

பெரியவர் நிமிர்ந்தார். இதைச் சொல்லும்போது அவர் எப்போதும் நிமிர்ந்துவிடுவார். "வீட்ல எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட். எங்கப்பா பேர்ல இருக்கு. நான் தொறந்தது."

அது உண்மைதான். அப்பா கண்ணை மூடியபோது, இந்த வீடு வருஷம் திரும்புவதற்குள் இரண்டாகும் என்று உறவில் எல்லாருமே சொன்னார்கள். முக்கியமாகச் சித்தப்பா. அவர் சொன்னார் என்பதைவிட, காத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். ஆனால் வீடு இரண்டாகவில்லை. கீழே பெரியவரும் அவர் மனைவியும், மாடி அறையில் தம்பியும் தம்பி மனைவியும் அவர்கள் குழந்தையும், எல்லாருக்கும் ஒரே சமையல். அண்ணன் தம்பி என்றால் அவர்களைப் போல இருக்க வேண்டும் என்று நாலு பேர் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு. பெரியவருக்கு நிலமில்லை, நகையில்லை. சொத்து என்றால் அந்தப் பேச்சுதான். முதல் போன் வாங்கியபோது அப்பா பெயரில் கணக்குத் திறந்தார். அதன்பின் வீட்டில் யார் போன் வாங்கினாலும் அதே கணக்கில்தான் போட வேண்டும் என்றார். அடுப்பு ஒன்று, கணக்கு ஒன்று. கட்டிக் கொடுத்த மகளின் போன்கூட அதில்தான் இருந்தது.

கடைப் பெண் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அதான் விஷயம். ஒருத்தர் எடுக்கற போட்டோ அஞ்சு பேர் போன்லயும் போய் உட்காருது. ஸ்டோரேஜ்ல எடமே இல்லேன்னா மெமரியும் திணறும். ரெண்டும் வேற வேற சார்..."

"புரியுது. மெமரிங்கறது லிஃப்ட் பெட்டி. ஸ்டோரேஜ் கட்டடம். கட்டடம் தாங்காத அளவுக்கு ஜனம் குடியிருந்தா, பெட்டி எந்நேரமும் நெரிசலாத்தான் ஓடும். நடுவுல நிக்கும்."

"நீங்க பேசாம கடைக்கு வந்துடுங்க சார். நான் லிஃப்ட் பாக்கப் போறேன்."

அவள் சொல்லச் சொல்ல அவர் தொட்டார். பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஆப்களை நிறுத்தினார். ஆப்கள் சேர்த்து வைத்திருந்த தற்காலிகக் குப்பையைத் துடைத்தார். வருகிற வீடியோக்கள் தாமாகவே இறங்குவதை அணைத்தார். திரை வழுக்கி வழுக்கி நகரும் அலங்காரத்தைக் குறைத்தார். கடைசியில் அவள் ஓர் இடத்தைக் காட்டி, "இதை மாத்துங்க. போன்ல சின்ன நகல் மட்டும் இருக்கும்" என்றாள்.

"அப்ப நெஜப் படம் எங்க இருக்கும்?"

"அக்கவுண்ட் குடுத்த கம்பெனியோட கம்ப்யூட்டர்ல."

"எங்க வீட்டுப் பொம்பளைங்க படம் ஊரான் வீட்ல இருக்கும், நான் நகலை வெச்சுப் பாக்கணுமா?"

"இப்பவும் அது அங்கயும்தான் சார் இருக்கு."

பெரியவர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தெரியாம இருந்தது இருக்கட்டும். தெரிஞ்சு விடமாட்டேன்."

"அப்ப ஒரே வழிதான். ஆளுக்கொரு அக்கவுண்ட் போட்டுப் பிரிச்சுடுங்க. புதுப் போன் வாங்கினாலும் அதே கூட்டம்தான் வந்து உட்காரும்."

"பிரிக்கற பேச்சே வேணாம்."

அவர் சொன்ன தொனியில் அவள் முகம் மாறியது. சண்டைக்கு வராமல், "அப்ப உட்கார்ந்து வேண்டாததை அழிங்க" என்றாள். "ஆனா ஒண்ணு. இதுல அழிச்சா அஞ்சு போன்லயும் போயிடும். தப்பா அழிச்சுட்டா பயப்படாதீங்க, ஒரு மாசம் இதுலயே குப்பைக் கூடையில கெடக்கும். எடுத்துக்கலாம்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. ஒருவர் கூட்டினால் வீடு முழுக்கச் சுத்தமாகிறது என்றால் நல்லதுதானே. குப்பை எது என்று பார்த்து எடுப்பது வீட்டுக்குப் பெரியவன் வேலைதானே என்று நினைத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மதியம் ஒரு கட்டடத்தின் மெஷின் ரூமில் உட்கார்ந்திருந்தார். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்குப் பதில் புதிது அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அதுவரை வேலையில்லை. மோட்டாரின் சூடும் கிரீஸ் வாடையும் அடைந்து கிடந்த அறையில், கருவிப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு படங்களை அழிக்க ஆரம்பித்தார்.

மங்கலாக விழுந்தவை, ஒரே குழந்தை ஒரே சிரிப்பில் பத்துத் தடவை, தவறி விரல் பட்டு எடுத்த கால் கட்டைவிரல், தம்பி கடை ஃப்ரேம்கள். மனைவி எடுத்த வாஷிங் மெஷின் படம் ஒன்று. எதற்கு எடுத்தாளோ. விரல் தேய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கையே தானாகச் செய்தது. ஒரு காலி அறை, அழித்தார். இன்னொரு காலி அறை, அழித்தார். பாத்திரம் கழுவும் தொட்டியும் குழாயும், அழித்தார். ஜன்னல், மின்சார மீட்டர், குளியலறைத் தரை, எல்லாவற்றையும் அழித்தார். யாரோ வீட்டு விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

அடுத்த படத்தில் லிஃப்ட்டுக்குள் இருக்கும் பொத்தான் பலகை இருந்தது. விரல் நின்றுவிட்டது.

பலகையில் எல்லாப் பொத்தான்களும் கறுப்பு. மூன்றாம் எண் மட்டும் வெள்ளை. கறுப்பு கிடைக்காமல் வெள்ளையை வாங்கி மாட்டியவர் அவர்தான். மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிப் பலகையில் விழுந்த கீறல்கூடப் படத்தில் தெரிந்தது. பலகையின் பளபளப்பில் படம் எடுத்தவரின் உருவம் கொஞ்சம் படிந்திருந்தது. ஒரு பெண். அருகில் அவள் தோளுக்குக் கீழே ஒரு சின்னத் தலை. தம்பி மனைவியும் குழந்தையும்.

பெரியவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார். பிரேக் கட்டை வந்து சேர்ந்தது, மாட்டினார். லிஃப்ட்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஏணியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார்.

அன்று மாலை எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாடியிலிருந்து தம்பி மனைவி இறங்கி வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை அவளுக்கு; நாளெல்லாம் பேசிவிட்டு வந்த தொண்டை கரகரத்தது. சுவரோரம் நின்று எதையோ தேடிப் போன் திரையை மேலும் கீழும் தள்ளினாள். மறுபடி தள்ளினாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கணவனைப் பார்த்தாள். தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மனைவி மட்டும், "என்ன எல்லாரும் பரீட்சை எழுதின மாதிரி உட்கார்ந்திருக்கீங்க, சாப்பிட வாங்க" என்றாள். வந்து சாப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

வெள்ளைப் பொத்தான் கட்டடம் அவருடைய மாதாந்திரப் பராமரிப்பில் இருந்தது. முறை வருவதற்கு முன்பே மறுநாள் காலை போனார். காவலாளி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க சார். உங்க குடும்பமே இங்க வரப் போகுது போல."

"யார் சொன்னா?"

"உங்க தம்பிதான். மூணாவது மாடி பாத்துட்டாரு, பேசி முடிச்சுட்டாரு. அடுத்த மாசம் குடி வர்றாரு." பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "உங்ககிட்ட சொல்லலையா சார்? லிஃப்ட் நல்லாருக்குமான்னு கேட்டாரு. உங்கண்ணன் பாக்கற லிஃப்ட்டு, பாதியில நிக்காதுன்னு சொன்னேன். சிரிச்சாரு."

"சொன்னான், சொன்னான். நான்தான் மறந்துட்டேன்" என்றார் பெரியவர். ஒரு காவலாளிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பதை அவர் காட்டிக்கொள்ளவில்லை. லிஃப்ட்டில் ஏறி மூன்றாம் மாடிக்குப் போனார். பூட்டிய கதவைப் பார்த்தார். கதவு சட்டத்தில் புதுப் பெயின்ட் வாடை. நடையில் காற்று வந்தது. நல்ல வெளிச்சம். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவருக்கு எரிச்சலாக இருந்தது. கீழே வந்து நேராகக் கண்ணாடிக் கடைக்கு நடந்தார்.

கடையில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் தம்பி துடைத்துக்கொண்டிருந்த ஃப்ரேமைக் கீழே வைத்தான். குரலைச் சமாளித்துக்கொண்டு, "வாங்கண்ணா, கண் செக் பண்ணணும்னு சொன்னீங்களே, உள்ள உட்காருங்க" என்று திரைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார வைத்தான். கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடினான்.

"எதிர்ல படிங்கண்ணா."

"எப்பலேருந்துடா?"

முதலாளி திரைக்கு அப்பால் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. தம்பி உரக்க, "கீழ வரிசை படிங்க" என்றான். பிறகு தணிந்த குரலில், "நாலஞ்சு மாசமா பாக்கறோம்" என்றான்.

"என்கிட்ட சொல்ல வாய் வரலை. வாட்ச்மேன்கிட்ட வந்துச்சு."

"உங்ககிட்ட எப்படிண்ணா சொல்றது? பிரிக்கற பேச்சே வேணாம்பீங்க. இது தெரியுதா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லண்ணா, சரியா பாருங்க."

"முதல்ல போட்டது. என்ன குறை வெச்சேன் உனக்கு? உங்கண்ணி என்ன குறை வெச்சா?"

"ஒரு குறையும் இல்ல. அதைத்தான் யாருகிட்டயும் சொல்ல முடியல." தம்பி அடுத்த கண்ணாடித் துண்டைத் தேடினான், கிடைக்கவில்லை, வெறும் கையோடு நின்றான். "பாப்பாவோட அம்மா ஸ்கேன் எடுத்தாளே, ஞாபகம் இருக்கா? ரிப்போர்ட்டை அவ போன்ல ஒரு படம் எடுத்தா. எனக்குக் காட்டறதுக்கு. நான் கடையிலேருந்து வர்றதுக்குள்ள உங்க பொண்ணு அங்கேருந்து போன் பண்ணி, சித்தி என்ன ஆச்சுன்னு கேக்கறா. நீங்க சாப்பாட்டுல உட்கார்ந்து, டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்கறீங்க. எல்லாம் அக்கறைதான். இல்லேங்கலை. ஆனா எனக்கு முன்னாடி எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுண்ணா. அன்னிக்கு ராத்திரி அவ அழுதது நோயை நெனச்சு இல்ல."

பெரியவருக்கு அந்த நாள் நினைவிருந்தது. இந்த வீட்டில் யாருக்கும் தனியாக நோவு வராது என்று அன்று அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தார். அவள் தலை குனிந்து சாப்பிட்டதை மரியாதை என்று நினைத்திருந்தார்.

"வீட்ல எடம் இருக்குண்ணா" என்றான் தம்பி. "மூச்சு விடறதுக்குத்தான் எடம் இல்ல. அவ இப்பல்லாம் எதையும் படம் எடுக்கறதில்ல. அந்தப் புது வீட்டை எடுத்ததுகூட, எடுத்துட்டு உடனே அழிச்சுடலாம்னுதான். பாப்பாதான், ரூமை இன்னொரு தடவை காட்டு, இன்னொரு தடவை காட்டுன்னு பிடிச்சுக்கிட்டா. சரி, இருக்கட்டும், அண்ணன் பழைய போட்டோவெல்லாம் எங்க பாக்கப் போறாருன்னு விட்டோம்."

"பாத்தேன். குப்பைன்னு அழிச்சேன்."

தம்பி கண்ணாடித் துண்டுப் பெட்டியை மூடினான்.

பெரியவர் சோதனைச் சட்டத்தைத் தானே கழற்றினார். மூக்கில் சிவந்த தடம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கடைப் பெண் சொன்ன கூடையைத் தேடினார். எங்கோ போய் எங்கோ வந்தார். தம்பி கை நீட்டவில்லை. அண்ணன் தேடட்டும் என்று நின்றான். கூடை திறந்தது. காலி அறைகள், குழாய், ஜன்னல், மீட்டர். ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருப்பி எடுத்தார். ஸ்டோரேஜ் பட்டையில் மிஞ்சியிருந்த வெள்ளைக் கோடும் போயிருக்கும்.

"உன் போனைப் பாரு. வந்துடுச்சா?"

தம்பி பார்த்தான். "வந்துடுச்சுண்ணா."

"போறதுன்னு முடிவாயிட்டா போ. ஆனா ஒளிஞ்சு போகாதே. எங்கப்பன் வீட்லேருந்து யாரும் பின்வாசல் வழியா போகக் கூடாது."

"சித்தப்பா என்ன சொல்லுவாரோன்னு... எல்லாரும் அவளைத்தான் சொல்லுவாங்கண்ணா. வந்தவ பிரிச்சுட்டாம்பாங்க. அதுக்குத்தான் அவ பயப்படறா."

"சித்தப்பாவை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடறேன்" என்றார் பெரியவர். எழுந்தபோது முதுகைப் பிடித்துக்கொண்டார்.

திரையை விலக்கியதும் முதலாளி தலை நிமிர்ந்தார். "கண்ணு எப்படி இருக்கு?"

"வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் மனைவியோடு மட்டும் பேசினார். அவள் கேட்டுக்கொண்டே காய் நறுக்கி முடித்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில்.

"உனக்குமா?"

"ஒரே அடுப்புல நிக்கறவங்களுக்குத் தெரியாதா? உங்ககிட்ட சொன்னா நீங்க தூங்கமாட்டீங்கன்னு விட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். வயதானாலும் வேட்டி மடிப்புக் கலையாமல், வாயில் வார்த்தை வற்றாமல் இருக்கிற மனிதர். அவர் தன் அண்ணனிடமிருந்து பிரிந்து போனவர். அதனாலோ என்னவோ, பிரியாத வீடுகளை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பாதிச் சாப்பாட்டில் பெரியவர் சொன்னார்.

"தம்பி அடுத்த மாசம் தனியா போறான் சித்தப்பா."

சித்தப்பாவின் கை நின்றது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மெல்லக் கழுத்தைத் திருப்பி, சமையலறை வாசலில் நின்றிருந்த தம்பி மனைவியைப் பார்த்தார். "ஓஹோ. யாருக்கு இங்க இருக்க முடியலையாம்?"

"எனக்குத்தான்" என்றார் பெரியவர். "நான்தான் போகச் சொன்னேன்."

"நீயா?"

"நான்தான். வீடு சின்னது. எனக்கும் வயசாகுது, சத்தம் தாங்கலை. வேலைக்குப் போய்ட்டு வந்து படுத்தா மாடியில பாப்பா குதிக்கறது தலையில இடிக்குது. போங்கடான்னு சொல்லிட்டேன்."

"மாமா..." என்று தம்பி மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நீ உள்ள போம்மா. சித்தப்பாவுக்குத் தண்ணி கொண்டா."

சித்தப்பா தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். "இவ்வளவு நாள் ஊரெல்லாம் பெருமை பேசிட்டு, கடைசியில தம்பியை நீயே வெளியே அனுப்பறே. உங்கப்பன் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"என்னைத்தான் திட்டியிருப்பார்."

"திட்டத்தான் வேணும்."

"நீங்களும் திட்டுங்க சித்தப்பா. நாலு பேர்கிட்டயும் சொல்லுங்க. பெரியவன் தம்பியை அனுப்பிட்டான்னு சொல்லுங்க. மத்தவங்க பேரு எதுலயும் வரவேணாம்."

சித்தப்பாவுக்கு அதற்கு மேல் அதில் ருசி இருக்கவில்லை. ஒத்துக்கொள்கிற ஆளை எவ்வளவு நேரம்தான் குத்துவது? கைகழுவிவிட்டு, போகும்போது மட்டும், "எப்படி இருந்த வீடு" என்று ஒரு பெருமூச்சை வாசலில் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பேச்சு மாலைக்குள் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று பெரியவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் காத்து வைத்திருந்த நல்ல பேர் இன்றோடு போனது. பழி இன்னொருவர் தலையில் விழாமல் தன் தலையில் விழுந்ததே, அவ்வளவுதான்.

குழந்தை மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, நான் குதிச்சா உங்களுக்குத் தலை இடிக்குதா?"

"இடிக்கலை. சும்மா சொன்னேன்."

"அப்ப பொய்யா?"

"பொய்தான். நீ போய்க் குதி."

எல்லாரும் கூடத்தில்தான் இருந்தார்கள். யாருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை. பெரியவர் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதையும் இன்னிக்கே முடிச்சுடலாம். ஆளுக்கு ஒண்ணு. படமெல்லாம் முதல்ல நகல் எடுத்துக்குங்க. யாரோடது யாருக்கு வேணுமோ எடுத்துக்குங்க."

தம்பி எதிர்ப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அண்ணா, அப்பா பேர்ல..."

"அப்பா பேரு எனக்கிருக்கு. உனக்கும் இருக்கு. அதை ஒரு மெஷின்ல போட்டு வைக்கணும்னு இல்ல."

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவள் அந்தப் பக்கத்திலிருந்து எதை எங்கே தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். "அப்பா, அதைத் தொடாதீங்க, அழிஞ்சுடும். இல்ல, அதுக்குக் கீழ" என்று அவள் அங்கே கத்தினாள். இங்கே பெரியவரின் மனைவி, "அவருகிட்ட கத்தாதேடி, அவரு வேற நெனப்புல இருக்காரு" என்றாள். முதலில் தம்பியின் போன் அப்பாவின் கணக்கிலிருந்து வெளியே வந்தது. திரையில் "இந்தச் சாதனம் நீக்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. அதை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அடுத்து தம்பி மனைவியின் முறை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியவர் அருகில் வந்து நின்றாள். பழைய கணக்கிலிருந்து எடுப்பதை அவர்தான் செய்தார். பிறகு புதிதாகத் திறக்கும் பக்கம் வந்தது. பெயர் கேட்டது. அவள் தன் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் பாஸ்வேர்ட் கேட்டது.

அவள் விரல் திரைமேல் நின்றது. பழக்கம்தான். என்ன போடட்டும் மாமா என்று கேட்கப் போனவள், கேட்காமல் நின்றாள்.

பெரியவர் எழுந்தார். முதுகு ஒரு தடவை இழுத்தது. நடந்து போய் சுவருக்கு எதிராக, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுவரில் ஒன்றுமில்லை, பழைய சுண்ணாம்பு மட்டும்தான்.

"போடும்மா" என்றார். "நெதானமா போடு."

பின்னால் அவள் எழுதும் சத்தம் மெல்லக் கேட்டது. ஓர் எழுத்து, கொஞ்சம் யோசனை, இன்னோர் எழுத்து. சுவரையே பார்த்துக்கொண்டு, அவள் முடித்துவிட்டேன் என்று சொல்கிற வரைக்கும் அவர் அப்படியே நின்றார்.